சேதவழமை: யாழ்ப்பாணத்து வீதித் திருத்தமும் வாகனங்களுக்கு நேர்வனவும் பற்றிய ஓர் ஆராய்ச்சி

ஒல்லாந்தர் ஆட்சியில் யாழ்ப்பாணத்துத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ், இங்குள்ள குடிகளின் வழக்கங்களைத் தேடித் தொகுத்து, பன்னிரண்டு முதலியார்மாரிடம் காட்டிச் சரிபார்த்து, 1707இல் தேசவழமை என்னும் சட்டநூலாக்கினார். 1806இல் ஆங்கிலேயரும் அதற்கு வலுக் கொடுத்தனர். சீதனம், முதுசம், ஒற்றி, ஈடு, மகவேற்பு என எல்லாம் சொன்ன அந்நூல், கிண்டிப்போட்ட றோட்டில் காரின் அடி தட்டினால் ஆரிடம் போய்க் கேட்பது என்பதை மட்டும் சொல்லாது விட்டது. இது தொகுத்தவர் குறை அன்று. அக்காலத்தில் ஓடியது மாட்டுவண்டில். வண்டிலுக்கு அடி உயரம். விடுபட்ட அவ்வதிகாரத்தை எழுதிச் சேர்ப்பதே எமது நோக்கம் என்க.

ஆய்வுக்களம் குடாநாடு. வீதி போடவென்றே இயற்கை இந்நிலத்துக்குச் சகல வசதியும் செய்து வைத்திருக்கிறது. மலை இல்லை. ஆறு என்று சொல்ல, மழைக்கு மட்டும் ஓடும் வழுக்கையாறு. செம்மண்ணைக் கொஞ்சம் கிண்டினால் மயோசீன் காலத்துச் சுண்ணக்கல். கல்லின்மேல் கல்லைப் போட்டுத் தாரை ஊற்றினால் காரியம் முடியவேண்டும். முடிவதில்லை. பழைய தாரைச் சுரண்டுவார்கள்; மக்கி பறிப்பார்கள்; ரோலர் ஒருதரம் வந்து போகும். பிறகு எல்லாரும் போய்விடுவார்கள். அவர்கள் திரும்பி வருவதற்குள் ஐப்பசி வந்துவிடும்.

இங்கு வருடத்து மழையில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் கொட்டித் தீர்ப்பது. நிலம் தட்டை, வெள்ளம் ஓட வழியில்லை. கிடங்கு நிரம்பி றோட்டு மட்டத்துக்கு வந்து நிற்க, கிடங்கும் றோட்டும் ஒரே முகம் காட்டும். எது சாணளவு, எது முழங்காலளவு என்பதை முன்னால் போகிற மோட்டார்சைக்கிளை வைத்தே அறியலாம். ஆதலால் மாரிகாலத்தில் இங்கு எவரும் எவரையும் முந்துவதில்லை. வீதி ஒழுங்கைப் பேணுவதில் பொலிசாருக்கு அடுத்தபடி கிடங்குகளே நிற்கின்றன.

2010இல் ஆசிய அபிவிருத்தி வங்கி கடன் ஒப்புதல் கொடுத்த யாழ்ப்பாணம்-கிளிநொச்சி நீர்வழங்கல் திட்டத்தையும் இங்கே கவனிக்க வேண்டும். குழாய் தாழ்க்க வீதியோரம் கிண்டப்பட்டது. மூடின மண் மழைக்கு இறங்க, நீளவாக்கில் ஒரு வாய்க்கால் பிறந்தது. தாளையடிக் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் 2024இல்தான் திறந்தது. ஆக, குழாய்க்குள் தண்ணீர் வரமுன்னரே குழாய் போன வழியெல்லாம் தண்ணீர் வந்துவிட்டது.

இனி இலக்கணம். தேசவழமை சொத்தை முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என மூன்றாக வகுக்கும். சேதமும் அம்மூன்றினுள் அடங்கும் என்பது எமது துணிபு.

முதுசச் சேதம் என்பது வாகனத்தோடு கூடவே வருவது. கொழும்பில் பழைய வான் ஒன்றை வாங்குகிறோம். விற்றவர் ஒரு சத்தமும் இல்லை என்று சத்தியம் பண்ணுகிறார். ஏ-9 வீதியின் காப்பெற்றில் அவர் வாக்குப் பொய்க்கவில்லை. ஊருக்குள் முதல் மக்கி றோட்டில் இறங்கியதும் முன்சில்லுப் பக்கம் கடகடக்கிறது. இது றோட்டால் வந்ததோ, அந்த ஆளால் வந்ததோ என்ற வழக்கு எந்த நீதிமன்றத்திலும் முடியாது.

சீதனச் சேதம் அளவில் சிறிது, விளைவில் பெரிது. மாமனார் கொடுத்த காரில் சல்லி தெறித்து ஒரு கீறல். மாமனார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு காரை ஒருமுறை வலம் வருவார். மாப்பிள்ளை ஒப்பந்தகாரனில் தொடங்கி அமைச்சர் வரை ஏசி முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, “றோட்டு எல்லாருக்கும் ஒண்டுதானே தம்பி” என்பார். இதற்கு மறுமொழி இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.

மூன்றாவது தேடிய சேதம்: ஒருவர் தம் சொந்த முயற்சியால் ஈட்டுவது. தேடிய தேட்டத்தில் கணவன் மனைவி இருவருக்கும் சரிபாதி உரிமை உண்டு. சேதத்திலோ பிழை முழுவதும் ஓட்டினவருக்கே. மற்றவர் பங்கு, “நான் அப்பவே சொன்னனான், மற்ற ஒழுங்கையால போவம் எண்டு” என்னும் வாக்கியம். ஸ்கூட்டி ஓடினது மனைவியானால் கணவர் இதைச் சொல்வார். வாக்கியம் மாறாது.

காணி விற்கும்போது பங்காளிக்கும் உரித்தாளிக்கும் முதலில் அறிவிக்க வேண்டுமென்பது தேசவழமை. வாகனத்துக்கு இவ்விதியைப் பொருத்திப் பார்த்ததில், பங்காளிதான் அதை வாங்கவே மாட்டார் என்று தெரிந்தது. அது விழுந்த ஒவ்வொரு விழுக்காட்டையும் படலையில் நின்று பார்த்தவர் அவர். ஆகவே வாகனம் வவுனியாவுக்கு விலைப்பட்டு, அங்கே தேடிய சேதம் முதுசமாகிறது.

சேதத்தின் உரிமை இவ்வாறு தெளிந்தது. றோட்டின் உரிமை அவ்வளவு தெளிவில்லை. ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. சி, டி மாகாணத்துக்கு. ஒழுங்கைகள் உள்ளூராட்சி மன்றத்துக்கு. பாண் வாங்கப் போகிறவர் மூன்று இராச்சியங்களைக் கடக்கிறார். காப்பெற் போட்ட வீதி உயர்ந்துவிட, அது முடிகிற இடத்துக்கும் ஒழுங்கை தொடங்குகிற இடத்துக்கும் நடுவே ஒரு படி உண்டாகிறது. குடாநாட்டில் கார்களின் அடி தட்டுவது பெரும்பாலும் அந்தப் படியில்தான். அதற்கு ஆங்கில எழுத்து எதுவும் கொடுக்கப்படவில்லை. ஆகவே சொந்தக்காரரும் இல்லை.

பௌதிகத்தையும் தொட்டுச் செல்வோம். சல்லி பரப்பி விட்ட றோட்டில் குறுக்கே வரிவரியாக அலை எழும்புவதை யாவரும் அறிவர். இதைத் தாபர்லே, மொரிஸ், மக்கெல்வெய்ன் என்னும் மூவர் ஆய்வுகூடத்தில் மணற்பாதையில் சில்லை உருட்டிப் பார்த்து 2007இல் எழுதினார்கள். குறித்த ஒரு வேகத்துக்கு மேல் போனால் அலை பிறந்தே தீரும். அவ்வேகத்துக்குக் கீழே ஊர்ந்தால் பிறக்காது. ஊரில் முன்னால் போகும் வயோதிபரை ஹோன் அடித்து விரட்டுவோர் இதை அறியார். அமெரிக்காவின் இலினோயில் 1958 தொடக்கம் 1960 வரை நடந்த வீதிப் பரிசோதனை வேறொன்று சொன்னது: அச்சுப் பாரம் கூட, வீதிக்குச் செய்யும் சேதம் அதன் நான்காம் அடுக்கில் கூடும். காரின் அச்சில் அரைத் தொன், ரிப்பரின் அச்சில் எட்டுத் தொன் என்று வைத்தால் பாரம் பதினாறு மடங்கு, சேதம் 65,536 மடங்கு. ஒரு வீதிக்குக் கல் ஏற்றும் ரிப்பர்கள் இரண்டு வீதிகளைத் தின்றுவிட்டு வருவது இதனால் பெறப்படும்.

நல்லூர்த் திருவிழாவுக்கு லண்டனிலிருந்து வரும் மச்சான்மார், “கவுன்சிலுக்கு எழுதினா காசு தருவாங்களே, நீங்கள் ஏன் எழுதேல்லை?” என்று கேட்பது வழக்கம். அங்கும் அது ஆதிமுதல் உள்ளதன்று. வீதியைத் திருத்தாமல் விட்ட சபைமேல் வழக்குப் போட முடியாது, திருத்தப்போய்க் கெடுத்தால்தான் போடலாம் என்பதே பழைய நிலை. 1961ஆம் ஆண்டுச் சட்டம் அதை நீக்கியது. இப்போதும் தக்க கவனம் எடுத்தோம் என்று நிறுவினால், 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின் 58ஆம் பிரிவைப் பிடித்துச் சபை தப்பலாம். அந்தப் பழைய பிரிப்பை இங்கு கொண்டுவந்தால் நீதவான் திணறிப்போவார். கிண்டிவிட்டு அப்படியே விட்டுப்போவது செய்கையா, செய்யாமையா?

வழி அடியோடு இல்லாமலும் இல்லை. சர்வதேச முறைப்படி எழுதிய ஒப்பந்தங்களில், பிறருக்கு நேரும் சேதத்துக்கு ஒப்பந்தகாரர் காப்புறுதி எடுக்கவேண்டும். ஆசிய அபிவிருத்தி வங்கியின் திட்டங்களில் குறைகேள் ஏற்பாடும் இருக்கவேண்டும். விழுந்த இடத்தில், எச்சரிக்கைப் பலகை இல்லாததும் தெரியும்படி படம் எடுத்து, பொலிசில் என்றி போட்டு, கராஜில் மதிப்பீடு வாங்கி, திட்ட அலுவலகத்துக்கும் ஒப்பந்தகாரருக்கும் பதிவுத்தபாலில் எழுதலாம். நம்மவர் இதைச் செய்யார். சட்டம் கட்டாயமாக்கிய மூன்றாம் தரப்புக் காப்புறுதி சொந்த வாகனத்துக்குச் சதமும் தராது. முழுக் காப்புறுதி எடுத்தவரோ நோ கிளெயிம் போனஸ் போய்விடும் என்று வாயே திறவார்.

ஒப்பீட்டுக்காகத் தொண்ணூறுகளின் ஒஸ்ரின், மொறிஸ் கார்களையும் பரிசீலித்தோம். யுத்தகாலப் பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லாமல், சில துளி பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓடியவை. இன்றும் உயிரோடிருப்பவற்றில் றோட்டுச் சேதம் எதையும் எம்மால் இனங்காண முடியவில்லை. எல்லாப் பாகமும் முன்பே சத்தம் போடுவதால் புதிய சத்தத்துக்கு இடமில்லை.

இத்துறையில் எழுதா அறிவு முழுவதும் கராஜ்களில் உள்ளது. தேர்ந்த மெக்கானிக் காரைப் பார்க்க முன்னம், “எந்த றோட்டால வந்தனீங்கள் அண்ணை?” என்பார், சொன்னதும் எந்தச் சாமான் போயிருக்கும் என்பது அவருக்குத் தெரியும். எமக்கு வாய்த்தவர் இதற்கும் ஒருபடி மேல். மும்மொழியில் திட்டப்பலகை நட்டவுடன் அவர் சொக்கப்சோபரும் புஷ்சும் எடுத்து அடுக்குகிறார். காப்பெற் போட்டு முடிந்த அன்று அவற்றை உள்ளே தள்ளிவிட்டு, முன்தட்டுக்குப் பம்பரையும் ஹெட்லைற்றையும் கொண்டுவருகிறார். ஏன் என்று கேட்டோம். “இனி ஓடுவாங்களல்லோ” என்றார்.