மூன்றாம் வரிசையில் அம்மா: தன்கதை நகைச்சுவை மேடை குறித்த ஆராய்ச்சி

ஒருவர் மட்டும் மேடையேறி, தம் வாழ்க்கையில் நடந்ததாகத் தாமே சொல்லிக்கொள்ளும் சங்கதிகளைப் பேசி, ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் பிறரைச் சிரிக்க வைக்கும் தொழில் தமிழ்நாட்டில் ஸ்டாண்ட் அப் காமெடி என்று வழங்குகிறது. நின்றுகொண்டே செய்வதால் இப்பெயர். நிற்பதைத் தவிர இதில் வேறு உழைப்பே கிடையாது என்று கருதுவோர் உண்டு. அவர்கள் பெரும்பாலும் கலைஞர்களின் அப்பாக்கள்.

இத்தொழிலுக்கு வேண்டிய தளவாடம் மூன்று: மைக், உயரமான ஸ்டூல், தண்ணீர் பாட்டில். ஸ்டூலில் யாரும் உட்காருவதில்லை, பாட்டில்தான் உட்காருகிறது. பாட்டிலும் தாகத்துக்கானதன்று. அரங்கம் சிரித்து ஓயும்வரை முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்ற சிக்கலை அது தீர்க்கிறது. சிரிப்பு நிச்சயம் என்று நம்பி மூடியை முன்கூட்டியே திருகிவிட்டவர் பாடுதான் பரிதாபம். ஒரு கையில் பாட்டிலும் மூடியும், மறு கையில் மைக்கும், எதிரே சத்தமில்லாத இருநூறு பேருமாக அவர் அந்தத் தண்ணீரை நிதானமாகக் குடித்தே தீரவேண்டும்.

முன்வரலாறு நீண்டது, ஆனால் அதில் ‘தன்கதை’ அரிது. தெருக்கூத்தில் கட்டியங்காரன் விடிய விடியக் கேலி பேசுவான். அவனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்பதுகூட விடிந்த பிறகும் தெரியாது. நந்தனார் சரித்திரக் காலட்சேபத்தின் சாயலில் என்.எஸ். கிருஷ்ணன் கிந்தனார் காலட்சேபம் செய்தார். 1949இல் வெளிவந்த ‘நல்லதம்பி’ படத்திலும் அது உண்டு. அதுவும் கிந்தன் என்னும் பையன் படிக்கப்போன கதைதான், கலைவாணர் கதையன்று. கிரேசி மோகன் தம் நாடக நாயகிகளுக்கெல்லாம் ஜானகி என்றே பெயரிட்டது தமக்குப் பாடம் சொன்ன ஆசிரியையின் நினைவாக. அங்கே சொந்த வாழ்க்கை பெயரளவில் நின்றுகொண்டது. பட்டிமன்றப் பேச்சாளர்கள் மனைவியை மேடைக்கு இழுத்தனர் என்பது மெய்தான். எனினும் அந்த மனைவி எல்லார் வீட்டுக்கும் பொருந்தும் கற்பனைப் பாத்திரம். உண்மை மனைவி வீட்டில் தோசை ஊற்றிக்கொண்டே தொலைக்காட்சியில் அதைப் பார்த்து, அது தாமில்லை என்று தெரிந்து, தாமும் சிரித்தார். 2005இல் விஜய் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘கலக்கப்போவது யாரு?’ பெரிதும் மிமிக்ரியைக் கொண்டாடியது. மிமிக்ரி என்பது அடுத்தவர் குரல்.

தன்கதை பின்னர்தான் மேடையைப் பிடித்தது. அரவிந்த் எஸ்.ஏ. ஆங்கிலமும் தமிழும் கலந்து பேசிய ‘மெட்ராஸி டா’ 2017இலும், மென்பொருள் வேலையை விட்டு மேடைக்கு வந்த அலெக்சாண்டர் பாபு சினிமாப் பாட்டையும் தம் கதையையும் சேர்த்துப் பின்னிய ‘அலெக்ஸ் இன் வொண்டர்லேண்ட்’ 2019இலும் அமேசான் பிரைமில் வெளியாயின. 2020இல் ‘காமிக்ஸ்தான் செம்ம காமெடி பா’ என்ற போட்டியே வந்துவிட்டது. இதற்குப் பிறகு சாப்பாட்டு மேசையில் தாம் பேசுவது தங்களோடு போகும் என்று எந்தப் பெற்றோரும் நம்புவதற்கில்லை.

இனி இலக்கணம். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளில் நகையை முதலில் வைத்து, அது பிறக்கும் இடங்களாக எள்ளலோடு இளமையையும் பேதைமையையும் மடமையையும் சொல்கிறது. எள்ளல் இருவகைப்படும் என்பது பேராசிரியர் உரை: தான் பிறரை எள்ளி நகுவது ஒன்று, பிறர் தன்னை எள்ளத் தான் நகுவது மற்றொன்று. தன்னைத் தானே எள்ளி, அதற்கு டிக்கெட்டும் விற்கும் மூன்றாம் வகை உரையாசிரியர் காலத்தில் இல்லாமையால் அவர் அதை விட்டது குற்றமாகாது. ஏனைய மூன்றும் சிதையாமல் அப்படியே கிடைக்கின்றன. பள்ளிக்கூடப் பகுதி இளமை. முதல் காதல் பேதைமை. இன்ஜினியரிங் சேர்ந்தது மடமை.

ஆராய்ச்சிக்குரிய உண்மையான சிக்கல், வாழ்க்கை யாருடையது என்பதே. மேடையில் நிற்பவர் ஒருவர். அவர் சொல்லும் வாழ்க்கையில் அகப்பட்டவர்கள் அம்மா, அப்பா, மனைவி, மாமியார், கணக்கு வாத்தியார், மாடி வீட்டு அங்கிள் எனப் பத்துப் பேருக்குக் குறையாது. இவருள் அம்மாவே வளம் மிகுந்த மூலப்பொருள். அப்பா அதிகம் பேசாதவர். பேசினாலும் “பாத்துக்கலாம்” என்பதோடு முடிப்பவர். அதிலிருந்து ஐந்து நிமிடம் தேற்றுவது பெரும்பாடு. அம்மாவோ நாள் முழுக்கப் பேசுபவர். பேசியதை உறவினருக்குத் தொலைபேசியில் மறுபடி பேசுபவர். மேடையில் அம்மாவாக மாற, குரலை ஒரு கட்டை ஏற்றி, இல்லாத முந்தானையை இடுப்பில் செருகினால் போதும். பிறந்த ஊரும் சாதியும் வேறானாலும் எல்லாக் கலைஞர்களின் அம்மாக்களுக்கும் மேடையில் ஒரே குரல்தான் என்பது கவனிக்கத்தக்கது.

உண்மைக்கும் மேடைக்கும் உள்ள தூரத்தை அளக்க, அம்மாவையே அரங்கில் உட்கார வைப்பது சிறந்த முறை. அவருக்கு மூன்றாம் வரிசையில் பாஸ் தரப்படும். முதல் வரிசை தரப்படாததற்குக் காரணம் உண்டு. அங்கே உட்கார்ந்தவரிடம் “எந்த ஊரு? என்ன பண்றீங்க?” என்று கேட்பது இத்தொழிலின் மரபு. “ஐடி” என்று பதில் வரும், கலைஞர் இரங்கற்பா பாடுபவர்போல் மௌனமாவார், அரங்கம் சிரிக்கும். அம்மாவிடம் “என்ன பண்றீங்க?” என்று கேட்டால் “உனக்குத்தாண்டா வடிச்சுக் கொட்டிட்டிருக்கேன்” என்று பதில் வரும் அபாயம் இருக்கிறது.

மூன்றாம் வரிசையிலும் முழுப் பாதுகாப்பு இல்லை. இப்படி ஒரு காட்சியை வைத்துக்கொள்ளலாம். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று அம்மா கோபத்தில் இட்லித் தட்டைத் தூக்கி எறிந்ததாக மகன் விவரிக்கிறார். தட்டு பறக்கிறது, ஐந்தாவது இட்லி மின்விசிறியில் மோதுகிறது. அரங்கம் சுமாராகச் சிரிக்கிறது. அப்போது இருட்டிலிருந்து ஒரு குரல்: “அன்னைக்கு உப்புமாடா.” அன்றைய நிகழ்ச்சியின் மிகப் பெரிய சிரிப்பு அதற்குத்தான். கலைஞர் பாட்டிலைத் திறக்கிறார். அடுத்த வாரக் கோயம்புத்தூர் நிகழ்ச்சியில் அந்த வரி அம்மா இல்லாமலேயே அம்மா குரலில் வருகிறது. எழுதியவர் பெயர் எங்கும் குறிப்பிடப்படுவதில்லை.

சிரிப்பு வராமையைக் குறிக்கவும் தமிழில் கலைச்சொற்கள் உண்டு. சொல்லால் விளையாடி எரிச்சலூட்டுவது கடி. நீண்டு எரிச்சலூட்டுவது அறுவை. எதுவும் நடவாமல் போவது மொக்கை. பிறரை ஓட்டப்போய்த் தானே மாட்டிக்கொள்வது பல்பு வாங்குதல். இட்லிக் காட்சி இறுதி வகையைச் சேர்ந்தது. புதிய சரக்கை ஓபன் மைக் மேடைகளில் சில நிமிடங்கள் ஓட்டிப்பார்த்து மொக்கையைக் கழித்துவிடுவது வழக்கம். அம்மாக்களை அங்கே அழைப்பதில்லை.

கடைசியாக, கையிருப்பு. முப்பது வயதுக் கலைஞர் தம் முதல் நிகழ்ச்சியை அறுபது நிமிடம் செய்தால், நிமிடத்துக்கு ஆறு மாத வாழ்க்கை செலவாகிறது. அது காணொளியாக வெளிவந்துவிட்டால் அதே சரக்கை மறுபடி மேடையில் விற்பது கடினம். இரண்டு ஆண்டு கழித்து அடுத்த நிகழ்ச்சி வரவேண்டும் எனில், இப்போது நிமிடத்துக்குக் கிடைப்பது பன்னிரண்டு நாள் மட்டுமே. அந்த நாள்களும் விமான நிலையத்திலும் ஹோட்டல் அறையிலும் கழிந்தவை. இரண்டாம் நிகழ்ச்சியில் விமான நிலையச் சோதனை பற்றிய பேச்சு மிகுவது இதனால்தான். கல்யாணம் நடந்தால் சம்பந்தி வீட்டார் என்னும் புது வயல் கிடைக்கும். குழந்தை பிறந்தால் இரண்டு போகம் விளையும். அதுவரை பழைய கிணற்றையே தூர்வார வேண்டியிருப்பதால், வாரம் ஒருமுறை அம்மாவுக்கு போன் செய்து “அப்புறம், வேற என்ன விசேஷம்?” என்று கேட்கும் பழக்கம் கலைஞர்களிடம் திடீரென்று வளர்கிறது. மகனுக்குப் பாசம் கூடியிருக்கிறது என்று அம்மா சொந்தக்காரர்களிடம் சொல்லிவருகிறார்.

மூலப்பொருளுக்கு இதுவரை விலை நிர்ணயிக்கப்படவில்லை. மூன்றாம் வரிசைப் பாஸ் இலவசம். பார்க்கிங் கட்டணத்தை அப்பா கட்டுகிறார்.