பம்பர் பஞ்சாயத்து: புதுக்கோட்டை வட்டார ஆய்வு

புதுக்கோட்டை சமஸ்தானத்துக் கல்வெட்டுகளைத் திரட்டி 1929-இல் பெருந்தொகுதியாக அச்சிட்டார்கள். நிலதானம், நந்தாவிளக்கு, குளம், மடை என்று எதையும் விடாத அந்தத் தொகுதியில், பின்னால் வந்தவர் இடித்து நசுங்கிய பம்பருக்கு யார் பணம் கொடுப்பது என்பது பற்றி ஒரு வரி கிடையாது. அக்குறையை நீக்கவே இக்கட்டுரை.

முதலில் களம். தொண்டைமான்கள் காலத்தில் ஊரை நேர்நேரான வீதிகளாக அமைத்தார்கள். திவான் சேஷய்ய சாஸ்திரி அதை மேலும் செப்பனிட்டார். வீதிகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடினால் முக்குகள் பெருகும். முக்குகள் பெருகினால் பம்பர் நசுங்கும். ஆகவே டிஎன் 55 வண்டிகளின் ஒடுக்குகளுக்கு மூலகாரணம் அரண்மனையே என்பது என் கருதுகோள். மறுப்பவர்கள் சாயங்காலம் கீழராஜ வீதியில் கார் ஓட்டிவிட்டு வந்து மறுக்கலாம்.

அடுத்து சடங்குகள். இடித்ததும் இருவரும் இறங்குவார்கள். முகத்தைப் பார்க்க மாட்டார்கள்; அவரவர் பம்பரைத்தான் பார்ப்பார்கள். கட்டைவிரலில் எச்சில் தொட்டுக் கீறலைத் தேய்ப்பது முதற்கட்டப் பரிசோதனை. போய்விட்டால் அது எதிராளி வண்டியின் பெயிண்ட்; போகாவிட்டால் வழக்கு. “நீங்க திடுதிப்புனு பிரேக் அடிச்சா நான் என்ன பண்றது?” என்ற வாதம் முடிவதற்குள் டீக்கடையிலிருந்து ஒருவர் கிளாஸோடு வந்துவிடுவார். விபத்தை அவர் பார்த்திருக்க வேண்டிய அவசியமில்லை.

“தம்பிக்கு எந்த ஊரு?”

“ஆலங்குடிப் பக்கம்ணே.”

“ஆலங்குடியில எங்க?”

“கொத்தமங்கலம்.”

“அட, அங்கதானப்பா நம்ம மச்சினன் பொண்ணு எடுத்திருக்காரு!”

இந்த இடத்தில்தான் ஐயாயிரம் இரண்டாயிரமாகிறது. சேதத்தின் அளவு மாறவில்லை, பம்பர் அப்படியேதான் தொங்குகிறது. உறவு ஒரு படி நெருங்க, தொகை ஒரு படி இறங்கும். டிங்கர் கடைக்காரர் போனிலேயே “பட்டி பாத்து பெயிண்ட் அடிச்சிரலாம்ணே” என்று தீர்ப்பை உறுதி செய்ததும், ஜிபேயில் பணம் போகும். (யாருக்காவது காயம் என்றால் இந்த ஆய்வு செல்லாது. ஆஸ்பத்திரி, போலீஸ் என்று வேறு துறைக்குப் போய்விட வேண்டும்.)

இன்சூரன்ஸ் மரபு இதற்கு நேர் எதிர். கம்பெனியின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் தப்பை ஒப்புக்கொள்ளவோ, பணம் தருவதாகச் சொல்லவோ கூடாது என்பது பாலிசி நிபந்தனை. ஆக, “தெரியாம நடந்துபோச்சுண்ணே, செலவை நான் பாத்துக்கிறேன்” என்கிற மரியாதைக்காரர் நிபந்தனையை மீறியவர். “உன்னால ஆனதைப் பாத்துக்க” என்று எகிறுகிறவரே உத்தம பாலிசிதாரர்.

இனி கணக்கு. ஐந்து வருடம் கிளைம் கேட்காதவருக்கு, சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் பாதி தள்ளுபடி. அந்தப் பிரீமியம் 10,000 என்று வைத்துக்கொண்டால் அவர் கட்டுவது 5,000. ஒருமுறை கிளைம் போட்டால் தள்ளுபடி பூஜ்யம். பிறகு 20, 25, 35, 45 என்று ஏறித்தான் மறுபடி 50 சதவீதம். ஐந்து வருடத்தில் கூடுதலாகக் கட்டுவது 12,500. கிடைப்பதோ? பம்பர் பிளாஸ்டிக் என்பதால், தனியாக ஜீரோ டெப் எடுக்காதவருக்குத் தேய்மானமாகப் பாதி விலை போகும். சிறிய காரென்றால் அதற்குமேல் கட்டாயமாக 1,000 ரூபாய் நம் பங்கு. 6,000 ரூபாய் பம்பருக்குக் கைக்கு வருவது 2,000. கொத்தமங்கலத்து மச்சினனும் அதைத்தான் வாங்கிக் கொடுத்தார்.

இடித்தவருடைய இன்சூரன்ஸில் வாங்கலாமே என்பார்கள். சட்டப்படி முடியும், தனியார் காருக்கு ஏழரை லட்சம் வரைகூட இடமுண்டு. ஆனால் அதற்கு விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தின் படியேற வேண்டும். ஒரு பம்பருக்காக வக்கீல் பிடித்த மனிதரை நான் இதுவரை சந்திக்கவில்லை. சும்மா நின்ற வண்டியை எவரோ இடித்தாலும், நம் பாலிசியில் கிளைம் போட்டால் நம் தள்ளுபடிதான் போகும்.

விலங்குகள் குறித்து ஒரு பின்னிணைப்பு. நம் வட்டாரத்தில் காரில் அடிபடும் ஆடு எப்போதும் சினையாடுதான், அதுவும் இரட்டைக்குட்டி. ஆனாலும் ஆட்டுக்கு ஓர் உரிமையாளர் உண்டு, அவருக்கு ஓர் ஊர் உண்டு, பேசலாம். விராலிமலைப் பக்கம் மயில் வந்து மோதி முன்கண்ணாடி தெறித்தால் பஞ்சாயத்துக்கு ஆளே கிடையாது. அது 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைப் பறவை. வனத்துறைக்காரரிடம் எந்த ஊர் என்று கேட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை. நல்லவேளையாக, கண்ணாடிக்குத் தேய்மானம் பிடிக்க மாட்டார்கள்; தள்ளுபடி போனாலும் பரவாயில்லை என்றால் அங்கே கிளைம் போடலாம்.