பையைத் தாட்டிவிட்டாப் போதுமா கண்ணு?

பனியன் அனுப்பறதுக்கு அட்டைப்பொட்டியை விட்டுப்போட்டு, போயிப்போயித் திரும்பி வர்ற பை தைக்கப் போறியாமா? உங்கம்மா போன்ல சொல்லிச் சொல்லிப் பூரிச்சுப் போறா. நல்ல ரோசனைதான். அப்புச்சிக்கு ஆன்லைனும் தெரியாது, ஆப்பும் தெரியாது. ஆனா ஊட்டை விட்டுப் போன பொருள் எதுனால திரும்பி வராதுன்னு நல்லாத் தெரியும். ஊரு முச்சூடும் கடப்பாரை இரவல் குடுத்தவனாச்சே.

இப்ப நடக்கற கூத்து எனக்கும் தெரியாம இல்ல. பக்கத்தூட்டுப் பையனுக்கு ஒரு பொட்டி வந்துச்சு. டேப்பை அறுத்தா உள்ள காத்தடிச்ச பை, அதுக்குள்ள இன்னொரு பொட்டி, அதுக்குள்ள ஒரு கவரு. கடைசியில பாத்தா செல்போன் வயரு. பொண்ணூட்டுச் சீருக்குக்கூட இத்தனை சுத்துச் சுத்த மாட்டாங்க. காத்துக்கும் வாடகை உண்டாமா? கூரியர்க்காரங்க பெரும்பாலும் நீளம், அகலம், உயரம் மூணையும் சென்டிமீட்டர்ல பெருக்கி 5000-ஆல வகுத்து, அதையே எடைன்னு கணக்கு வெச்சுப்புடறாங்களாமே. 30-க்கு 20-க்கு 10-னு ஒரு பொட்டி போட்டா 1.2 கிலோ ஆச்சு. உன்ற பனியன் கால் கிலோ வருமா? மடங்கற பை வெச்சா அந்தக் காசு மிச்சம். அது வரைக்கும் நீ கெட்டிக்காரன்.

பின்லாந்துல ரீபேக்குனு ஒரு கம்பெனி 2011-ல இருந்து இதைச் செய்யுதுன்னு சொன்னயே, அதையுங் கேட்டுக்கிட்டேன். பாலிபுரோப்பிலீன் பை. துணியை எடுத்துக்கிட்டு மடிச்சாக் காயிதம் போடற கவரு அளவுதான். தபால்கூலி முன்னாலயே கட்டியிருக்கும், தெருமுனைத் தபால்பொட்டியில போட்டாப் போதும். சுத்தம் பண்ணி மறுக்கா அனுப்பறாங்க, குறைஞ்சது 20 தடவை தாங்கும்ங்கறாங்க. நல்ல சங்கதி. ஆனா அந்தச் சனம் 1950-கள்லயே பாட்டிலுக்கு முன்பணம் கட்டிப் பழகுனது கண்ணு. திருப்பிக் குடுக்கறது அவங்க கையில ஊறிப்போச்சு. நம்மூர்ல அந்தப் பை அம்மாயி கையில கெடைச்சுதுன்னு வெய்யி, உளுத்தம்பருப்பைக் கொட்டி அட்டாளியில ஏத்திப்புடுவா. கண்ணாலத்துல குடுத்த மஞ்சப்பையையே இன்னும் துவைச்சுத் துவைச்சு வெச்சிருக்கறவ. அதனால பையை அழகாத் தைக்காதே. கலரு கண்ணை உறுத்தோணும், கைப்புடி இருக்கவே கூடாது. காய்கறிக்கடைக்குத் தூக்கிட்டுப் போக வெக்கமாயிருந்தாத்தான் உன்ற பை உனக்கு வரும்.

அமெரிக்காக்காரன் மட்டும் லேசுப்பட்டவனா? 2019 சனவரியில, டாவோஸ்ல பெரிய மனுசங்க கூடற எடத்துல, லூப்புன்னு ஒண்ணை அறிவிச்சாங்க. ஐஸ்கிரீம் எஃகு டப்பாவுல வரும், எல்லாம் ஒரு பெரிய பைக்குள்ள. தின்னு முடிச்சதும் டப்பாவோட பையைத் தூக்கிட்டுப் போக ஆள் வரும். பேரு போன கம்பெனிக எல்லாம் சேந்துச்சுக. அப்பறம் ஊடு ஊடாப் போறதை விட்டுட்டுக் கடைகளுக்குள்ள வெக்கற பக்கம் திரும்பிட்டாங்க. வெறும் டப்பா லாரி ஏறினா டீசல் மட்டும் சும்மாவா ஊத்துவான்? அதனால அஸ்ஸாமுக்கு ஒரு பையத் தாட்டிவிட்டு அது வருமான்னு வாசல்ல நிக்காதே. கோயமுத்தூரு, ஈரோடு, சேலம், இந்த வட்டத்துல மொதல்ல ஓட்டு. பனியன் குடுக்கற தம்பியே மறுக்கா அந்தத் தெருவுக்கு வரும்போது பையை வாங்கிக்கட்டும். அவனுக்கும் பைக்கு ரெண்டு ரூபா குடு. சும்மா கேட்டா அவனென்ன உனக்கு மாமன் மச்சானா?

காசுன்னதும் நெனப்பு வருது. நீலகிரிக் காட்டுல ஒடைஞ்ச பாட்டில் ஆனைக் காலைக் கிழிக்குதுன்னு ஐகோர்ட்டு கேள்வி கேட்டதுல, 2022 மே மாசம் அங்க டாஸ்மாக்குல பாட்டிலுக்கு 10 ரூபா எச்சா வாங்க ஆரம்பிச்சாங்க. காலிப் பாட்டிலைக் குடுத்தா அந்தப் பத்து திரும்பும். அப்பறம் நம்ம கோயமுத்தூருக்கும் வந்துச்சு. போதையில வேட்டி அவுந்தது தெரியாதவன் பாட்டிலைப் பத்தரமா இடுக்கிக்கிட்டு வர்றான். படிச்சவங்க மட்டும் பூமியைக் காப்பாத்தறதுக்குன்னு சும்மாவே பையைக் குடுத்துருவாங்கன்னு நீ கணக்குப் போடறே. அவங்க பேசுவாங்க சாமி, குடுக்க மாட்டாங்க. 50 ரூபா முன்பணம் வாங்கு. பை வந்த அன்னிக்கே போன்ல பணமா அனுப்பு. அடுத்த தடவை வாங்கினாத் தள்ளுபடின்னு கூப்பனை நீட்டினயோ, பையும் போச்சு, ஆளும் போச்சு.

ஒரு வெசனம் மட்டும் தீரலை. இன்னிக்கு உனக்குப் பை தவறாமத் திரும்பி வரோணும்னா ஒரே வழிதான்: பனியன் அளவு சேராம, சாயம் போயி, வாங்கினவன் அப்படியே திருப்பி அனுப்போணும். சரக்கு நல்லாயிருந்தாப் பை போச்சு. எது வேணும்னு நீயே முடிவு பண்ணிக்க.

இதுதான் மாதிரிப் பையா? குடு பாப்போம். அட, ஜிப்பெல்லாம் சுத்தமாத்தான் ஓடுது. நாலு கிலோ வெதைக்கடலை புடிக்கும் போல இருக்குதே. இது இங்கயே கெடக்கட்டும். போறப்பத் திருப்பிக் கேக்காதே, எங்கிட்ட நீ முன்பணம் வாங்கலை.