மவுஸ் வந்த பிறகும் டச்பேட் எதற்கு?

ஒருவர் பையிலிருந்து மவுஸை எடுத்து, சிக்கிக் கிடக்கும் வயரைப் பிரித்து, லேப்டாப்பின் பக்கவாட்டுத் துளையில் ஒருமுறை தலைகீழாகவும் மறுமுறை நேராகவும் முயன்று ஒருவழியாகச் செருகிவிட்டார் என்றால், தம் விருப்பத்தை அவர் இதைவிடத் தெளிவாகச் சொல்ல வழியில்லை. இனிமேல் இதுதான் என்கிறார். அந்த நொடியே டச்பேட் தானாக ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் பெரும்பாலான லேப்டாப்கள் அப்படி நடந்துகொள்வதில்லை. விண்டோஸ், மவுஸ் வந்ததைக் கண்டு மணியடித்து வரவேற்கிறது. வரவேற்ற கையோடு டச்பேடையும் வேலையில் வைத்துக்கொள்கிறது. ஒரு தட்டுச் சோற்றில் இரண்டு பேர் குழம்பு ஊற்றுவது நாசி கண்டார் கடையில் பாக்கியம், ‘பஞ்சிர்’, வெள்ளமாக ஊற்று, என்று நாமே கேட்டு வாங்குவோம். ஒரே அம்புக்குறியை இரண்டு பேர் இழுப்பதை எவரும் கேட்டு வாங்குவதில்லை.

உலகப் பிரச்சினையைப் பினாங்கில் உட்கார்ந்துகொண்டு பேசுவானேன் என்று கேட்கலாம். பேச நமக்குத்தான் முதல் உரிமை. 1969இல் முதலமைச்சரான லிம் சோங் இயூ, வேலையில்லாமல் தவித்த தீவுக்கு மின்னணு ஆலைகளை அழைத்து வந்தார். 1972இல் இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையைப் பாயான் லெப்பாஸில், நெல் விளைந்த நிலத்தில் திறந்தது. ஹியூலெட்-பேக்கர்டும் அந்தக் காலத்தில் வந்து சேர்ந்ததுதான். அதன் உதிரிபாகப் பிரிவு 1999இல் ஏஜிலென்டோடு பிரிந்து போயிற்று, 2005இல் அவாகோ ஆயிற்று. மவுஸின் வயிற்றில் உருண்டுகொண்டிருந்த ரப்பர் பந்தை ஒழித்துவிட்டு, மேசையை நொடிக்கு ஆயிரம் தடவைக்கு மேல் படமெடுத்து நகர்வைக் கணக்கிடும் ஒளிக்கண்ணை உலகுக்கு விற்ற நிறுவனம் அது. பினாங்கில் அதற்குப் பெரிய கிளை இருந்தது. 2006இல் அதன் தலைமைக்கு வந்த ஹாக் டான், பினாங்கில் பிறந்தவர். 1990களின் நடுவில் டெல் இங்கே வந்து லேப்டாப்களைச் செய்து அமெரிக்காவரை அனுப்பியது. டச்பேட் பக்கத்திலும் சொந்தம் விட்டுப்போகவில்லை. 1971இல் வெளிவந்த இன்டெல் 4004 சில்லை வடிவமைத்த ஃபெடெரிகோ ஃபஜின்தான், 1986இல் கார்வர் மீடுடன் சேர்ந்து, பிற்காலத்தில் கோடிக்கணக்கான டச்பேட்களைச் செய்த சினாப்டிக்ஸைத் தொடங்கினார். ஆகவே மவுஸும் டச்பேடும் ஒரே மேசையில் மோதிக்கொண்டால், பஞ்சாயத்து பேச இந்தத் தீவைவிடப் பொருத்தமான இடம் எது?

வழக்கின் மூலம் எங்கே இருக்கிறது என்று பார்த்தால், 1991இல் ஆப்பிளின் பவர்புக்கில். அதற்கு முந்தைய லேப்டாப்களில் கீபோர்டு விளிம்புவரை வந்து நின்றது. மணிக்கட்டு அந்தரத்தில் தொங்கியது. பவர்புக் கீபோர்டைத் திரைப்பக்கம் தள்ளி, முன்னால் உள்ளங்கையை வைக்க இடம் கொடுத்தது, நடுவில் ஓர் உருண்டையோடு. 1994இல் அந்த உருண்டையை எடுத்துவிட்டு டச்பேடைப் பதித்தார்கள். கை ஓய்வெடுக்கவென்று ஒதுக்கிய இடத்தின் நட்டநடுவில், தொட்டதெல்லாம் கட்டளை என்று எடுத்துக்கொள்ளும் ஒரு பரப்பு. பிறகு ஆண்டுக்கு ஆண்டு அது வளர்ந்தது. இன்றைய லேப்டாப்கள் சிலவற்றில் டச்பேட் கைபேசியைவிடப் பெரிது. உள்ளங்கை அதைத் தொடாமலிருக்கக் கொஞ்சம் யோகாசனம் தெரிந்திருக்க வேண்டும்.

இதில் அதிகம் அடிபடுகிறவர்கள் தமிழில் தட்டச்சு செய்கிறவர்கள். நம் மலேசியாவில் பிறந்த முரசு அஞ்சல் முறையிலோ அதைப் போன்ற வேறு ஒலிப்பு முறையிலோ ‘கா’ என்று ஓர் எழுத்து வர மூன்று தட்டு வேண்டும். தட்டு கூடினால் கட்டைவிரல் இடைவெளிப் பட்டையைச் சுற்றி அலைகிற நேரமும் கூடும். லிட்டில் இந்தியாவில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற ஒருவரை எண்ணிக்கொள்ளுங்கள். வலப்பக்கம் மவுஸ் இருக்கிறது. அவர் மணமகன் பெயரை முடித்து ‘அன்புடையீர்’ பக்கம் வருகிறார். உள்ளங்கையின் சதைப்பகுதி டச்பேடில் ஒருமுறை பட்டு எழும்பி, மறுபடி பட்டு இழுபடுகிறது. டச்பேடின் சட்டப்படி அது வெறும் தொடுதல் அல்ல, ‘இங்கிருந்து இதுவரை தேர்ந்தெடு’ என்ற உத்தரவு. இரண்டு வரிக்கு நீலம் பூசிக்கொள்கிறது. அடுத்து விழும் எழுத்து அந்த இரண்டு வரியையும் விழுங்கிவிடுகிறது. போன வரியில் இருந்தவர் மணமகளின் பெரியப்பா. பினாங்கில் பெரியப்பா பெயர் விடுபட்ட பத்திரிகை எத்தனை ஆண்டுக்குப் பேசப்படும் என்பதை வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இங்கே மவுஸ் செய்த தவறு ஒன்றுமில்லை. அது தன் பாட்டுக்கு ஓரமாக இருந்தது.

இதற்கு மென்பொருள்காரர்கள் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்: உள்ளங்கையை விரலிலிருந்து பிரித்தறியும் நுட்பம் வந்துவிட்டது, தட்டச்சு செய்யும்போது டச்பேட் சற்று நேரம் செவிடாகிவிடும் என்று. உண்மைதான், முன்னைக்கு இப்போது எவ்வளவோ மேல். ஆனால் அந்தச் செவிட்டுத்தனம் ஒரு நொடிக்குள் தீர்ந்துவிடும். பெரியம்மா பெயருக்கு ‘ன’வா ‘ண’வா என்று யோசிக்க நின்றால், அந்த இடைவெளியில் டச்பேட் விழித்துக்கொள்கிறது, கை மட்டும் அசையாமல் அங்கேயே கிடக்கிறது. பிரித்தறிகிற நுட்பமும் ஊகம்தான். டச்பேடுக்குக் கீழே குறுக்கும் நெடுக்குமாக மின்முனைகள் ஓடுகின்றன. தோல் நெருங்கும்போது அங்கே மின்தேக்கம் மாறுவதை வைத்து, தொட்டது எங்கே, எவ்வளவு அகலம் என்று அது கணிக்கிறது. ஈரம் பட்டால் கணக்கு குழம்பும். ஏறத்தாழ ஐந்து பாகை வட அட்சரேகையில், மின்விசிறி மட்டும் ஓடுகிற கடையில், மத்தியானம் மூன்று மணிக்கு ஈரமில்லாத உள்ளங்கை யாருக்கு இருக்கிறது? மவுஸ் செருகியிருப்பதை அறிவதில் மட்டும் எந்த ஊகமும் இல்லை. அது கணினிக்கு நிச்சயமாகத் தெரிந்த செய்தி. நிச்சயமாகத் தெரிந்ததைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு ஊகத்தின் பின்னால் ஓடுவதை என்னவென்று சொல்வது!

எனக்கு எதிரான வாதங்களில் கனமானது வயரில்லாத மவுஸைப் பற்றியது. சுண்டுவிரல் நகமளவு ரிசீவர் லேப்டாப்பிலேயே குடியிருக்கும், மவுஸ் வீட்டில் சோபாவுக்கு அடியில் இருக்கும். ரிசீவர் இருப்பதை மவுஸ் இருப்பதாகவே எடுத்துக்கொண்டு கணினி டச்பேடை அணைத்துவிட்டால், மனிதர் அலுவலகத்தில் அம்புக்குறியை வெறித்துப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். சில கீபோர்டு ரிசீவர்கள்கூட ‘நானும் மவுஸ்தான்’ என்று பதிவு செய்துகொள்கின்றன. இந்த வாதத்தை மறுக்க முடியாது, திருத்தத்தான் முடியும். செருகியதைப் பார்க்காமல் அசைந்ததைப் பார்க்கட்டும். மவுஸ் உண்மையிலேயே நகர்ந்தால் டச்பேட் ஒதுங்கட்டும். மவுஸைப் பிடுங்கினாலோ, மவுஸ் நெடுநேரம் அசையாமலிருக்க யாரோ டச்பேடை விடாமல் தேய்த்துக்கொண்டிருந்தாலோ திரும்ப வரட்டும். தவிக்கிற விரல் தேய்க்கிற விதத்துக்கும் ஓய்வெடுக்கிற உள்ளங்கைக்கும் வித்தியாசம் காண்பது, பெரியப்பா விவகாரத்தைவிட எளிது.

அடுத்த ஆட்சேபம் நம் ஊருக்கே உரியது. பழைய கோப்பிக்கடைப் பளிங்கு மேசையில் ஒளி மவுஸ் திணறும். பல ஆண்டு துடைத்துத் துடைத்துப் பளபளத்த கல்லில் படமெடுக்கப் பிடிமானம் கிடைக்காமல் அம்புக்குறி ஒரே இடத்தில் நடுங்கும், திடீரென்று ஓரத்துக்குப் பாயும். அப்போது டச்பேட் வேண்டாமா என்றால், வேண்டாம், ஒரு தாள் போதும். மலேசிய நண்பனை நான்காக மடித்து மவுஸுக்கு அடியில் போட்டால், நாளிதழ்க் காகிதத்தின் சொரசொரப்பில் அது தெளிவாக நடக்கும். அச்சு ஊடகத்துக்கு இப்படியும் ஒரு வருங்காலம் இருக்கிறது. இடக்கையால் டச்பேடில் கிள்ளிப் பெரிதாக்கிக்கொண்டு வலக்கையால் மவுஸைப் பிடிக்கும் ஓவியர்களும் வடிவமைப்பாளர்களும் உண்டு. அவர்களுக்கு என் திட்டம் இடைஞ்சல்தான். அவர்கள் அமைப்புப் பக்கத்துக்குப் போய் ஒரு டிக் போட்டுக்கொள்ளட்டும். போகத் தெரிந்தவர்கள் போவதும், தெரியாதவர்களுக்கு இயல்பாகவே கிடைப்பதும்தானே முறை. இப்போது நடப்பது தலைகீழ்.

“அண்ணே, அதுக்குத்தான் மேல் வரிசையில பட்டன் இருக்கே, எஃப்என்னோட சேர்த்து அமுக்கினா போச்சு” என்று ஒரு தம்பி சொல்வார். இருக்கிறது. ஒரு லேப்டாப்பில் எஃப்6, இன்னொன்றில் எஃப்9, மூன்றாவதில் இல்லவே இல்லை. இருக்கிற இடத்திலும் பக்கத்துப் பட்டனை அமுக்கிவிட்டால் திரை இருண்டுபோகும். மவுஸ் வந்ததும் டச்பேடைத் தானாக ஒதுங்கச் செய்யும் வழி மூன்று உலகங்களிலும் ஏற்கெனவே இருக்கிறது. ஆப்பிள், மாற்றுத்திறனாளிகளுக்கான உதவிப் பக்கத்தில் சுட்டிக் கட்டுப்பாட்டுக்குள் வைத்திருக்கிறது. லினக்ஸில் லிப்இன்புட் நூலகத்திலேயே வழி உண்டு, பல இடங்களில் கட்டளை வரி எழுதித்தான் அதை எழுப்ப வேண்டும். விண்டோஸில் டச்பேட் பக்கத்தில், பெயருக்குக் கீழே சுருட்டி வைத்த பகுதியை விரித்தால் வருகிறது: மவுஸ் இணைத்திருக்கும்போதும் டச்பேடை இயங்கவிடு. அதில் டிக் ஏற்கெனவே போட்டிருக்கிறது, நாம் எடுக்க வேண்டும். மவுஸை நகர்த்தி அந்தப் பெட்டிக்குப் போய்ச் சேரும்வரை உள்ளங்கையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். டச்பேட் இன்னும் விழித்துத்தான் இருக்கிறது.