முத்திரை விழாமல் வைஃபை வராது

பல்கலைக்கழக வளாகத்தில் வைஃபை இருக்கிறது. நுழைவாயில் பலகையே சொல்கிறது. மடிக்கணினியைத் திறந்தால் சிக்னல் கோடுகளும் நிறையவே தெரிகின்றன. குறை ஒன்றே ஒன்றுதான்: துறைத்தலைவரின் கையெழுத்து.

அதற்கொரு படிவம் உண்டு. பெயர், பதிவெண், விடுதி அறை எண், மடிக்கணினி வாங்கிய ரசீதின் நகல், அடையாள அட்டையின் ஜெராக்ஸ். வகுப்பு ஆலோசகர் கையெழுத்து, துறைத்தலைவர் கையெழுத்து, அதன்மேல் பாதி ஏறி விழுகிற மாதிரி ரப்பர் ஸ்டாம்ப். எல்லாவற்றுக்கும் கீழே, கருவியை அடையாளம் காட்டும் ‘மேக் அட்ரஸ்’ என்று ஒரு கட்டம். எழுத்தும் எண்ணுமாகப் பன்னிரண்டு குறிகள். திரையில் இருப்பதைப் பார்த்து நீங்கள் பேனாவால் தாளில் எழுத வேண்டும். தாளில் இருப்பதைப் பார்த்து இன்னொருவர் திரையில் ஏற்றுவார். டிஜிட்டல் வளாகம் என்பது இதைத்தான். 8ஐ அவர் ‘பி’ என்று படித்துவிட்டால், இன்னும் தயாரிக்கப்படாத ஏதோ ஒரு மடிக்கணினிக்கு அனுமதி கிடைத்துவிடும். உங்களுக்குப் புதுப் படிவம்.

கைப்பேசிக்காரர் பாடு இன்னும் மோசம். 2019இல் ஆண்ட்ராய்டு 10 வந்ததிலிருந்தே, யாரும் பின்தொடரக் கூடாதென்று கைப்பேசிகள் தங்கள் உண்மையான மேக் எண்ணை மறைத்து வேறொன்றைக் காட்டுகின்றன. கணினி மையத்துக்கு அந்தச் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை. “உங்க போன்லதான் ஏதோ வைரஸ், தம்பி” என்று அனுப்பிவைக்கிறார்கள்.

ஒருவழியாகப் பெயர் ஏறுகிறது. உள்நுழைவுப் பக்கம் வருமுன் உலாவி அலறுகிறது: சிவப்பு முக்கோணம், இந்த இணைப்பு பாதுகாப்பானதல்ல, உங்கள் கடவுச்சொல்லை யாரோ திருடக்கூடும். பல்கலைக்கழகம் தன் சான்றிதழை ஒழுங்காக வைத்துக்கொள்ளாததால் வரும் அலறல் அது. “அதெல்லாம் கண்டுக்காதீங்க, ‘அட்வான்ஸ்டு’ன்னு இருக்கும் பாருங்க, அத அமுக்கி உள்ள போங்க” என்கிறார் உதவியாளர். அதே கட்டடத்தின் மாடியில் இணையப் பாதுகாப்புக் கருத்தரங்கு. எச்சரிக்கை வந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள் என்று முழங்கிவிட்டு, சிறப்பு விருந்தினர் பொன்னாடையோடு இறங்கி வருகிறார்.

பயனர்பெயர் பதிவெண், கடவுச்சொல் பிறந்த தேதி. கேக் வெட்டி முகத்தில் பூசுகிற வகுப்பில் யாருடைய பிறந்த தேதி யாருக்குத் தெரியாது? எவனோ உங்கள் பெயரில் நுழைந்து படம் இறக்குவான். மெமோ உங்களுக்கு வரும்.

உள்ளே போனால் யூடியூபுக்குத் தடை. ஐஐடி பேராசிரியர்களின் என்பிடிஇஎல் வகுப்புகள் யூடியூபில்தான் கொட்டிக் கிடக்கின்றன. அந்தப் படிப்பை முடித்து கிரெடிட் வாங்கச் சொல்வதும் இதே பல்கலைக்கழகம்தான். இரவு பத்து மணிக்கு மொத்தமும் அணைந்துவிடும், பெண்கள் விடுதியில் இன்னும் முன்னதாக. மாலை 6 முதல் 10 வரை கைப்பேசி கூடாது என்ற விதிக்கு இணங்காமல் வெளியேற்றப்பட்ட கோழிக்கோட்டு விடுதி மாணவி ஒருவரின் வழக்கில், இணையத்தை அணுகுவது கல்வி உரிமையின் பகுதி, அந்தரங்க உரிமையின் பகுதி என்று கேரள உயர் நீதிமன்றம் 2019இல் சொல்லிவிட்டது. பக்கத்து மாநிலத்துத் தீர்ப்பு நம் விடுதிக் காப்பாளருக்கு எட்டவில்லை. எட்டினாலும் அதற்கும் ஒரு படிவம் கேட்பார்.

பணமில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கல்வி நிறுவனங்களை இணைக்கும் தேசிய அறிவு வலையமைப்புக்கு 2010 மார்ச்சில் மத்திய அரசு ஒதுக்கியது 5,990 கோடி ரூபாய். பல்கலைக்கழக வாசல்வரை கண்ணாடி இழை வந்தது. சாமி வரம் கொடுத்தாயிற்று. கணினி மையத்துப் பூசாரி அதைச் சுவிட்ச் பெட்டிக்குள் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

கல்வி நிறுவனங்களுக்குத் தரம் போடுகிற நாக் குழு வரும் வாரம் மட்டும் அதிசயம் நிகழும். தாழ்வாரங்களில் புதுப் பெட்டிகள் கண் சிமிட்டும், கடவுச்சொல்லே கேட்காது. இணைப்புக் கல்லூரிகளுக்கான நாக் கையேட்டில், கல்லூரி முழுவதற்கும் 50 எம்பிபிஎஸ் இருந்தாலே உச்ச மதிப்பெண் என்று வைத்திருந்தார்கள். ஒரு வீட்டுக்கு வாங்குகிற அளவு அது! ஆயிரம் பேர் பங்கிட்டால் ஆளுக்கு என்ன தேறும் என்று முதலாமாண்டு மாணவனே சொல்லிவிடுவான். அந்தக் குழுக்களின் லட்சணத்தையும் பார்த்துவிட்டோம். ஆந்திரத்துக் கல்வி நிறுவனம் ஒன்றில் நல்ல தரம் தருவதற்காகப் பணம், தங்கம், கைப்பேசி, மடிக்கணினி எல்லாம் லஞ்சமாகக் கைமாறியதாக வழக்குப் போட்டு, குழுவின் தலைவரையும் உறுப்பினர்களையும் 2025 பிப்ரவரியில் சிபிஐ கைதுசெய்தது. அந்த மடிக்கணினிகளுக்கு யாரும் துறைத்தலைவர் கையெழுத்து கேட்டதாகச் செய்தியில் இல்லை.

ஐரோப்பாவில் தொடங்கிய எடுரோம் என்ற ஏற்பாடு இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கிறது. சொந்தப் பல்கலைக்கழகத்தின் கணக்கு ஒன்று போதும். அதில் சேர்ந்த எந்த வளாகத்துக்குப் போனாலும் மடிக்கணினி தானே இணைந்துகொள்ளும். இந்தியாவில் இதை நடத்துவது எர்நெட், நம் அரசு அமைப்புதான். அப்படிப் பழகிய வெளிநாட்டுப் பேராசிரியர் இங்கே வந்து மடிக்கணினியைத் திறந்து திருதிருவென்று விழித்தால், அலுவலக உதவியாளர் தன் கைப்பேசியில் ஹாட்ஸ்பாட் போட்டுத் தருகிறார். பல்கலைக்கழகத்தின் மானம் அவருடைய தினசரி டேட்டாவில் ஓடுகிறது. அந்த ரீசார்ஜுக்கு யார் பணம் தருகிறார்கள்?

மாணவர்களே, கட்டண ரசீதை எடுத்துப் பாருங்கள். ‘இணையக் கட்டணம்’ என்று ஒரு வரி இருந்தால், எவ்வளவு வசூலானது, எவ்வளவு செலவானது, விடுதிக்கு எத்தனை எம்பிபிஎஸ் வருகிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அரசுப் பல்கலைக்கழகம் 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். கட்டணம் 10 ரூபாய். மனுவைத் தாளில் எழுதித் தபாலில் போடுங்கள். வளாக வைஃபையை நம்பி ஆன்லைனில் அனுப்பப் பார்க்காதீர்கள்.