நெரிசலில் நிற்கும் ஜாகுவார்: சூடு ஆள் மாறுதல் குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுப் பொருள்: 1961 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் அரங்கேறிய ஜாகுவார் இ-டைப். மணிக்கு 240 கிலோமீட்டர் ஓடும் என்று பெயர் வாங்கிய இக்கார், ஜூலை மாதப் பிற்பகலில் லண்டன் பிக்காடில்லி சிவப்பு விளக்கின் முன் ஓடாமல் நிற்கையில் என்ன ஆகிறது என்பதே வினா. அது ஓடுவதைப் பற்றி எழுதியோர் பலர். நிற்பதைப் பற்றி எழுத நாதியில்லை.

கருதுகோள்: எஞ்சின் சூடு அழிவதில்லை, ஆள் மாறுகிறது.

காரணம்: எரியும் பெட்ரோலின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீருக்குப் போகிறது. அந்தத் தண்ணீரை ரேடியேட்டரில் ஆற்றுவது எதிர்க்காற்று. இக்காரின் உடலை வடித்த மால்கம் சேயர் விமானத் தொழிலிலிருந்து வந்தவர். காற்றைக் கிழித்துப் போகட்டும் என்று மூக்கை நீட்டி வாயைச் சிறுக்க வைத்தார். ஓடும்வரை அந்த வாய் போதும். நின்றுவிட்டாலோ ஒற்றை மின்விசிறியே கதி. 3.8 லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சினுக்கு அது பந்தியில் நூறு பேருக்கு ஒரு பனையோலை விசிறி. 1968இல் வந்த இரண்டாம் வரிசையில் வாய் அகன்றது, விசிறியும் இரண்டானது. இதைவிடச் சான்று வேண்டுமோ?

கொள்கை வேறுபாடுகள்: சூட்டைத் தணிக்கும் வழி எது? தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்தால் தண்ணீர் தடையின்றி ஓடும் என்பர் ஒரு சாரார். அது பொருந்தாது. இந்த எஞ்சினில் தெர்மோஸ்டாட் சூடேறித் திறக்கும்போதே பைபாஸ் என்னும் குறுக்குவழியை அடைக்கிறது. அது இல்லையேல் சுடுநீரில் ஒரு பகுதி ரேடியேட்டரை எட்டிப் பார்க்காமலே எஞ்சினுக்குத் திரும்பிவிடும்.

நியூட்ரலில் போட்டு ஆக்சிலரேட்டரை லேசாக மிதிக்கலாம் என்பர் மற்றொரு சாரார். தண்ணீர் பம்ப் வேகம் பிடிக்கும் என்பது மெய். பெட்ரோலும் கூடுதலாக எரியும் என்பதும் மெய். பக்கத்துக் கார்க்காரர் தம்மைப் பந்தயத்துக்கு அழைப்பதாக எண்ணிக்கொள்வது பக்கவிளைவு.

மூன்றாம் சாரார் ஹீட்டர்வாதிகள். ஹீட்டர் என்பது காருக்குள் இருக்கும் குட்டி ரேடியேட்டரே. கண்ணாடிகளை இறக்கி, ஹீட்டரை முழுதாகத் திறந்தால் வெப்பமானியின் முள் முக்கி முனகிக் கீழே இறங்கும். அதே நேரம் ஓட்டுநரின் கால்சட்டை முழங்காலில் ஒட்டிக்கொள்ளும், நெற்றி வியர்வை மூக்கு நுனியில் சொட்டும். எஞ்சின் பிழைத்தது, ஓட்டுநர் வெந்தார். கருதுகோள் மெய்ப்பட்டது.

தடையும் விடையும்: அற்றேல், ரேடியேட்டர் மூடியைத் திறந்து ஆவியை விட்டால் என்ன எனின், கூடாது என்க. மூடி தரும் அழுத்தத்தால்தான் உள்ளே தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடி அகன்ற கணமே அது ஆவியாகிச் சீறிப் பாயும். அப்போதும் சூடு ஆள் மாறும், இம்முறை முகத்துக்கு.

முடிபு: உப்புப் படிந்த ரேடியேட்டரைக் கழுவுக. விசிறி சுற்றுகிறதா என்று புறப்படுமுன் பார்க்க. இயன்றால் ஞாயிறு விடியலில் வண்டியை எடுக்க. முள் அப்படியும் சிவப்பைத் தொட்டால், ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிடுங்கள்; நன்றாக ஆறும்வரை அந்த மூடியில் கை வைக்காதீர்கள்.