டைனமோ நானா

மன்னார்க் கரையோர மறிச்சுக்கட்டியில் யாராவது வாகனத்தின் பொனட்டைத் திறந்தால், அது முழுசாகத் திறந்து முடிவதற்குள் நானா பக்கத்தில் நிற்பார். எந்த வேலியால் வந்தார் என்று யாருக்கும் தெரியாது. அவருக்குக் கராஜ் இல்லை, ஒரு ஸ்பானர்கூட இல்லை. சேர்ட் பையில் ஒரு ஸ்குரூ டிரைவர், வாயில் ஒரு தீர்ப்பு. அவ்வளவுதான் பட்டறை.

“எப்ப இருந்து மகன் இப்பிடி?”

பதிலுக்கு அவர் காத்திருப்பதில்லை. “டைனமோ போயிட்டு.”

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது பொடியனாகப் புத்தளம் போனவர். அங்கே கராஜ் வாசல்களில் நின்று பார்த்துத் தொழில் படித்தார். எவரும் அவரை உள்ளே விடவில்லை என்பதைச் சேர்த்துச் சொல்லவேண்டும். போருக்குப் பிறகு ஊர் திரும்பியபோது, வாசலில் நின்று கண்டதெல்லாம் அவரோடு வந்தது. டைனமோவும் வந்தது. 1960களிலேயே கார்க் கம்பனிகள் அதைக் கைவிட்டு ஓல்டர்னேட்டருக்கு மாறத் தொடங்கியிருந்தன. நானா மாறவில்லை.

நியாயமாகச் சொன்னால் அவருடைய ஸ்குரூ டிரைவர் வித்தை பொய்யில்லை. சாவியை ‘ஒன்’ செய்துவிட்டு ஓல்டர்னேட்டரின் பின்பக்கம் இரும்பைக் கொண்டுபோனால் காந்தம்போல இழுக்கவேண்டும். இழுத்தால் கார்பன் பிரஷ் வழியாக ரோட்டருக்குக் கரண்ட் போகிறது என்று அர்த்தம். நல்ல மெக்கானிக்கும் செய்கிற சோதனைதான். வித்தியாசம் என்னவென்றால், இழுத்தாலும் நானாவுக்கு டைனமோ பழுது, இழுக்காவிட்டாலும் டைனமோ பழுது.

பயப்படவேண்டியது அவருடைய இரண்டாவது சோதனைக்கு. என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பற்றரி டேர்மினலைக் கழற்றுவார். “ஓடுதா? அப்ப டைனமோவில கொஞ்சம் உசிர் இருக்கு.” பழைய டைனமோக் காலத்தில் இந்த விளையாட்டுக்கு வாகனம் தாக்குப்பிடித்திருக்கலாம். ஓல்டர்னேட்டரில் பற்றரி திடீரென்று விலகினால் வோல்ட் ஒரு கணம் எகிறும். உள்ளே இருக்கிற டயோட்கள் கருகலாம், கொம்பியூட்டர் பூட்டிய வாகனமென்றால் அதுவும் சேர்ந்து போகலாம். ஆக, நானா வரும்போது நல்லாயிருந்த ஓல்டர்னேட்டர், அவர் போகும்போது அவருடைய தீர்ப்புக்குக் கட்டுப்பட்டுவிடும். இதனாலேயே அவர் சொன்னது பிழைத்ததில்லை என்று ஊரில் பெயர்.

திறந்து பார்க்காமலே தீர்ப்புச் சொல்வது இந்தக் கரைக்குப் புதிதுமல்ல. 1906இல் பிரிட்டிஷ் அதிகாரி லெனார்ட் வூல்ஃப் இங்கே முத்துக்குளிப்பு முகாமில் உத்தியோகம் பார்த்த காலத்தில், சிப்பியைத் திறக்காமலே ஆயிரக்கணக்கில் ஏலம் விட்டார்கள். உள்ளே முத்தா வெறும் சதையா என்று வெளியே நின்றே கணித்தவர்களின் ஊர் இது. நானா அந்த ஏலத்தைப் பொனட்டுக்கு மாற்றிக்கொண்டார்.

அவருடைய பொற்காலம் 2022. எண்ணெய் வரிசையில் நாட்கணக்கில் நின்ற வாகனங்கள், வரிசை நகரும்போதெல்லாம் ஒரு ஸ்டார்ட், பத்தடி ஓட்டம், மறுபடி ஓஃப். ஒரு ஸ்டார்ட்டுக்குப் போன சார்ஜ் அந்தப் பத்தடியில் திரும்பி வராது. பற்றரிகள் சும்மா நின்றே செத்தன. நானா வரிசை நெடுகப் போய், நாட்டில் டைனமோ எல்லாம் ஒரேயடியாகப் போய்விட்டதாக அறிவித்தார். பெற்றோலே இல்லாத நாட்டில் அதை மறுக்க யாருக்கும் தெம்பிருக்கவில்லை.

ஒருமுறை டொல்பின் வான் ஒன்று கடைக்கு முன்னால் படுத்துவிட்டது. புத்தளத்திலிருந்து வந்திருந்த ஒரு பொடியன் மல்டிமீட்டரை எடுத்தான். தள்ளி ஸ்டார்ட் பண்ணி ஓல்டர்னேட்டரில் பிடித்தால் 14.3 வோல்ட், பற்றரிக் கம்பத்தில் பிடித்தால் 12.3. ஓடுகிற வண்டியில் பற்றரிக்கு 13.8க்குக் குறையாமல் வரவேண்டும். ஓல்டர்னேட்டரில் பிறந்த இரண்டு வோல்ட் வழியில் எங்கோ காணாமல் போகிறது. என்ஜினை நிறுத்தி டேர்மினலைக் கழற்றினான். உப்புக் காற்றில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடந்தது. வான் பொடியிலிருந்து போகிற ஏர்த் வயரும் துருப்பிடித்திருந்தது. சுடுதண்ணி ஊற்றிக் கழுவி, சுரண்டி, இறுக்கினான். வான் சரி. மன்னார் தீவில் தம்பபவனி காற்றாலைகள் 103.5 மெகாவாட்டுக்குச் சுற்றுகிற அதே காற்றுத்தான் இங்கே பற்றரிக் கம்பத்தில் இரண்டு வோல்ட்டைத் தின்றிருக்கிறது.

நானா மீட்டரை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பின்மூடியைத் திறந்தார்.

“இதுக்குள்ளயும் பற்றரிதானே கிடக்கு? அது சரியா இருக்கென்டு ஆரு மீட்டர் புடிச்சது?”

பொடியனிடம் பதில் இல்லை. ஊர் நானா பக்கம் நின்றது.

ஆனாலும் வில்பத்துக் காட்டோரம், அந்தி நேரம், போனில் சிக்னலும் இல்லாமல் வண்டி நின்றால், மீட்டர் வைத்திருக்கிறவன் வரமாட்டான். நானாதான் வருவார். தீர்ப்பைச் சொல்லிவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டி முதல் ஆளாக நின்று தள்ளுவார். தள்ளுகிறவரிடம் பிழை பிடிக்க மனம் வராது.

போன பெருநாளுக்குக் கொழும்பிலிருந்து ஒரு டொயோட்டா அக்குவா வந்து, மறுநாள் காலை உயிரில்லாமல் நின்றது. பொனட் திறபட்டது. நானா குனிந்தார். பற்றரி இல்லை, அது பின்சீற்றுக்கு அடியில் கிடந்தது. பெல்ட் இல்லை. ஹைபிரிட் என்பதால் ஓல்டர்னேட்டரே இல்லை. பெரிய பற்றரிதான் சின்னதைச் சார்ஜ் பண்ணும். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், கீழே படுத்தும் பார்த்தார். ஸ்குரூ டிரைவரைப் பைக்குள் வைத்துவிட்டு, சொந்தக்காரரின் தோளில் கைபோட்டார்.

“மகன், டைனமோவை ஹாபரிலயே கழட்டிட்டானுகள். நீங்க கஸ்டம்ஸுக்கு ஒரு பெட்டிசம் போடுங்க.”